ஏணிப் பாட்டு

மார்ச் 4

நாத்தனார் வந்து இறங்கிவிட்டாள். ஒரு பெட்டி, ஒரு வாக்கர், மாறாத கடுகடு முகம். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவள். அவள் மகன் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படியேறப் பழகும்வரை என் தரைத்தள வீட்டில் இருக்கட்டும் என்று அவள் மகனும் என் மகனும் போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். என்னை யார் கேட்டார்கள்?

அவர் போனபிறகு இந்த வீட்டில் நானும் ரேடியோவும்தான். நிம்மதியாக இருந்தோம்.

மார்ச் 6

காபி ஆறிப்போச்சாம். தலையணை கருங்கல்லாம். ஃபேன் முனகுதாம்.

மார்ச் 13

பிசியோதெரபி செய்ய வரும் பெண், "பாட்டி, ஒரே ஒரு அடி" என்று கெஞ்சினாள். "யாருடி உனக்குப் பாட்டி?" என்று இவள் கட்டிலை விட்டு அசையவே இல்லை. போகும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படியே படுத்திருந்தா கால் அவ்வளவுதான், ஆன்ட்டி. நீங்களாவது சொல்லுங்க" என்றாள்.

நான் சொல்லி இவள் கேட்பதா? நல்ல கதை.

மார்ச் 16, ஞாயிறு

ரேடியோவில் ஐம்பதுகளின் பாடல்கள். ஞாயிறு காலை என்றால் எனக்கு அதுதான் உயிர். ஆனால் இன்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒலியைக் குறைத்து, திருடியைப் போலக் கேட்டேன். என் வீட்டில்!

காரணம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் பாத்திரம் கழுவியபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். இவள் வாசற்படியில் நின்று, "இது வீடா, சினிமாக் கொட்டகையா?" என்றாள். அதோடு அந்த வீட்டில் என் பாட்டு அடங்கியது. நான் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில்தான் பாடுவேன். லைன் ஓய்ந்திருக்கும்போது நாங்கள் பெண்களெல்லாம் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கச்சேரி நடத்துவோம். சூப்பர்வைசர் அம்மா முறைப்பார், ஆனால் அவர் விரல் மேஜையில் தாளம் போடும்.

அந்தப் பாட்டுகளில் வார்த்தை ஒவ்வொன்றும் வாயில் கல்கண்டு மாதிரி இருக்கும். ஒரே படத்தை மூன்று முறை பார்த்து, கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்கி, நெட்டுருப் போட்டு — அப்படி ஒரு பைத்தியம் எனக்கு.

மார்ச் 23, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ரேடியோவில் ஏணிப் பாட்டு வந்தது. கதாநாயகன் ஏணியில் நின்று சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பான், கதாநாயகி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பாள். நீ 'சரி' என்று சொன்னால்தான் இறங்குவேன் என்பான் இவன். அப்படியானால் அங்கேயே இரு என்பாள் அவள். பல்லவி முடியும்போது கரண்ட் போய்விட்டது. பாட்டு நின்றது — ஆனால் நிற்கவில்லை. அடுத்த அறையிலிருந்து முதல் சரணம். கரகரத்த குரல், சுருதி மட்டும் பிசகவில்லை. நாத்தனார்!

போய் நின்றேன். முதல் சரணத்தோடு நிறுத்தினாள்.

"மீதி?"

"தெரியாது. அதுக்கு மேல கேட்டதே இல்ல. காதல் பாட்டுன்னு தெரிஞ்சதும் அம்மா வந்து ரேடியோவை அணைச்சிடுவாங்க. படத்துக்கு யாரு விட்டா?" போர்வை நுனியை முறுக்கிக்கொண்டே சொன்னாள்: "எங்களுக்கெல்லாம் வாயில பூட்டு. நீங்க வந்த மூணாம் நாளே பாத்திரம் கழுவிக்கிட்டுப் பாடுறீங்க. வயிறு எரிஞ்சுது அண்ணி. அதான் அப்படிச் சொன்னேன்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவளே கேட்டாள், சின்னப் பெண் மாதிரி:

"அவன் கடைசில இறங்கினானா?"

நான் ரெண்டாவது சரணத்தைப் பாடினேன். அவன் இறங்கமாட்டான். அவள்தான் புடவையைச் செருகிக்கொண்டு ஏறுவாள்.

"அடிப்பாவி!" என்று கட்டிலில் அடித்து அடித்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர். எனக்கும்.

மார்ச் 24

வாக்கரைப் பிடித்து எழுந்தாள். "பாடுங்க, தாளத்துக்கு நடக்கிறேன்." கதவுவரை போய்த் திரும்பினாள். பிசியோதெரபி பெண் வாயைப் பிளந்தாள்.

ஏப்ரல் 8

ஆண் குரல் யாருக்கு என்று பெரிய சண்டை. தன் தொண்டைதான் கரகரப்பு என்று வாதாடி அவளே எடுத்துக்கொண்டாள். மாடிக்காரர், "ரேடியோவைக் கொஞ்சம் குறைங்கம்மா" என்று வந்து நின்றார். ரேடியோவாம் நாங்கள்! இன்று முழுதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

ஏப்ரல் 27

படிக்கட்டில் மூன்று படி ஏறினாள். மூன்றாவதில் நின்று, "'சரி'ன்னு சொன்னாத்தான் இறங்குவேன்" என்றாள். அங்கேயே இரு என்றேன்.

மே 8

மொட்டைமாடி வரை ஏறிவிட்டாள். மகனுக்குப் போன் செய்து பீற்றிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்து அழைத்துப் போகிறானாம்.

மே 9

நல்ல செய்திதானே. ஏன் சோறு இறங்க மாட்டேங்குது?

மே 11, ஞாயிறு

அவள் மகன் வந்தான். பெட்டி கட்டப்படவே இல்லை. இவள் நாற்காலியில் சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, கிளம்பலையா? அதான் படி ஏறுறியே?"

"ஏறத் தெரிஞ்சா ஏறித்தான் ஆகணுமாடா?" என்றாள். "அடுத்த வாரம் வரும்போது என் தையல் மெஷினை எடுத்துட்டு வா."

அவன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலோரம் கிடந்த பழைய மேஜையின் ஒரு முனையைத் தூக்கி, "அந்தப் பக்கம் பிடிப்பா, மெஷினுக்கு வெளிச்சம் வேணும்" என்றேன்.