படகு வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

ஆம்பூர்,
18-12-1983

அன்புத் தம்பி வில்சனுக்கும், கிரேஸிக்கும், பிள்ளைகள் இருவருக்கும் அக்கா ரோஸ் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு மாவு பிசைந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். காகிதத்தில் எண்ணெய்க் கறை பட்டிருந்தால் பொறுத்துக்கொள்.

நீ உன் ஐசக் மாமாவுக்கு, அவர் வேலை செய்யும் தோல் டேனரி விலாசத்தில் போட்ட கடிதம் வந்தது. வீட்டு விலாசத்துக்கு ஏன் போடவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் அன்று சாயங்காலமே அதைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, "நீயே பதில் எழுது, ரோஸ். படகு ஓட்றவ நீ தானே" என்றார். அவர்மேல் கோபப்படாதே.

தன் நாட்டுக்கே திரும்பும் உன் மேனேஜர் தன் சின்ன ஜெட் படகை உனக்கே கொடுத்துவிடுகிறேன் என்கிறார், ஒரே எஞ்சின், கிரேஸியையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தண்ணீரில் விளையாட அது சரிப்படுமா என்று கேட்டிருக்கிறாய். மாமாவின் முதலாளி மக்பூல் அகமது சாயபு வீட்டில் அதே மாதிரி ஒன்று இருப்பது உனக்குத் தெரியும். அதை உன் அக்கா ஓட்டுகிறாள் என்பது தெரியாது. எழுத வேண்டாம் என்று மாமாவை நான்தான் தடுத்து வைத்திருந்தேன்.

சாயபுவின் மகன் நிசார் அகமது சீமையில் தோல் படிப்பு முடித்து வந்தபோது மெஷின்களோடு கப்பலில் கொண்டுவந்த படகு அது. இரண்டு வருஷம் ஷெட்டில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. இந்த ஐப்பசியில் மழை கொட்டி, அவர்களுடைய மாந்தோப்பை ஒட்டிய ஏரி கரை முட்ட நிரம்பியதும் வெளியே எடுத்தார்கள். மாமா எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் அதிசயம் இல்ல. நம்ம தொட்டிக்குத் தண்ணி ஏத்துற பம்பு மாதிரிதான். அடியில உறிஞ்சி பின்னால பீச்சுது, அவ்ளோதான்" என்றார். ஒரே வாரத்தில் ஓட வைத்துவிட்டார்.

முதல் நாள் நிசார், தன் அம்மா ஜமீலா பேகத்தையும், மனைவி அஃப்ஸர் ஜஹானையும், இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனார். போனவர் சும்மா இருந்தாரா? நடு ஏரியில் வேகமாகப் போய் ஸ்டியரிங்கை ஒரே வெட்டாக வெட்டினார். படகு நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது. அந்த அம்மாவின் மூக்குக்கண்ணாடி தண்ணீரில் போயிற்று, பேரன் வாந்தி எடுத்தான். கரைக்கு வந்ததும் அந்த அம்மா, "இது கல்யாணம் ஆகாத பசங்க ஏற்ற வண்டி. குடும்பத்துக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டார்கள். சாயபுவும் மாமாவைக் கூப்பிட்டு, யாராவது கேட்டால் தள்ளிவிடு என்றார்.

அஃப்ஸர் ஜஹானை உனக்கு நினைவிருக்காது. என்னிடம் மூன்று வருஷம் படித்தவள், வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். அவள் ஒரு வேலையாளையும் அனுப்பாமல் தானே பர்தா போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "டீச்சர், எங்க வீட்டுக்காரர் ஓட்டுனா அத்தை இனிமே ஏறமாட்டாங்க. ஐசக் அண்ணன் ஓட்டுனா நாங்க யாரும் ஏற முடியாது. நீங்க கத்துக்கிட்டு ஓட்டுனா எல்லாரும் வருவாங்க" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "என் பொண்ணு அந்தத் தண்ணிய ஜன்னல்ல இருந்தே பார்த்துட்டு வளரணுமா டீச்சர்?" என்றாள்.

வில்சன், அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. நம் கூடப்பிறந்த சாந்தகுமாரை ஏரியிலிருந்து தூக்கி வந்து கூடத்தில் கிடத்திய அன்று உனக்கு ஒன்பது வயது. உன் கையைப் பிடித்து வேதப்புத்தகத்தின்மேல் வைத்து, இனி தண்ணீரில் காலே வைக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கியவள் நான். நீ அதைக் காப்பாற்றினாய். கடலோரம் எட்டு வருஷம் வேலை செய்தும் முழங்கால் நனைத்ததில்லை என்று கிரேஸி ஒருமுறை எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மாமாவிடம் கற்றுக்கொடுங்கள் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஐந்து ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் நேராக ஏரிக்குப் போனோம்.

முதல் நாளே நாணலுக்குள் கொண்டுபோய்ச் சொருகினேன். கரை கிட்டே வந்ததும் பயந்து ஆக்சிலேட்டரை விட்டுவிட்டேன். ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தும் படகு திரும்பவில்லை. மாமா சொன்னார்: "பயந்தா கைய எடுக்காத. பீச்சுற தண்ணிதான் இதைத் திருப்புது. கொஞ்சம் குடுத்தாதான் திரும்பும்." இதை கிரேஸிக்கும் நன்றாகச் சொல். கார் ஓட்டிப் பழகியவர்களே இதில்தான் தவறுகிறார்களாம்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஜமீலா அம்மா புதுக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். அஃப்ஸரும் எட்டு வயது மகள் ஷாஹீனும் ஏறினார்கள். எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட். ஆண்கள் கரையில். நான் மெதுவாக ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினேன். அந்த அம்மா பிடித்த கம்பியை விடவே இல்லை.

பிறகு ஷாஹீன், மாமா செதுக்கிக் கொடுத்த பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டாள். கயிற்றில் கட்டி இழுத்தேன். அவள் கத்திய கத்தலில் மடையோரம் இருந்த கொக்குகள் எல்லாம் எழும்பின. பாதி ஏரி போனதும் பலகை புரண்டது. அவள் தண்ணீரில். திரும்பிப் போய் அவளை எடுக்கலாம் என்று ஆக்சிலேட்டரைக் கொடுத்தேன். எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை. அடியில் பாசி அடைத்துக்கொண்டது.

இருக்கிற ஒரே எஞ்சின் அதுதான். காற்று எங்களை ஒரு பக்கம் தள்ளுகிறது, பிள்ளை இன்னொரு பக்கம் மிதக்கிறாள். கரையில் நிசார் சட்டையைக் கழற்றுவதும், மாமா அவர் தோளைப் பிடிப்பதும் தெரிந்தது. எனக்குக் கண்ணில் சாந்தகுமாரின் ஈரத் தலைதான் நின்றது. ஆனால் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. எஞ்சினை அணைத்தேன். "துடுப்பை எடு, அவ பக்கமாத் தள்ளு" என்றேன். அஃப்ஸர் அழுதுகொண்டே தள்ளினாள். நான் பின்மூடியைத் திறந்து, தோள்வரை கைவிட்டு, ஒரு பின்னல் கனத்துக்குப் பாசியை உருவி எறிந்தேன். மூன்று முறை. மறுபடி எஞ்சினைப் போட்டதும் படகு பிடித்துக்கொண்டது. மெல்லக் கொடுத்து, வளைத்து, பிள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எஞ்சினை அணைத்தேன். அவளை மேலே இழுத்துப் போட்டது யார் தெரியுமா? கம்பியை விட்டுவிட்டு ஜமீலா அம்மாதான், இரண்டு கையாலும்.

மேலே வந்தவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "டீச்சர், இன்னொரு வாட்டி" என்றாள். நான் ஜமீலா அம்மாவைப் பார்த்தேன். அவர்கள் பேத்தியைப் பார்த்தார்கள், ஏரியைப் பார்த்தார்கள். "இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்கே? புள்ள கேக்குதில்ல" என்றார்கள்.

இன்னும் நாலு சுற்று போனோம், வில்சன்! கடைசிச் சுற்றில் அந்த அம்மா "கொஞ்சம் ஜாஸ்தி வேகம்" என்று கேட்டார்கள். நான் கொடுத்தேன். முக்காடு பறக்க அவர்கள் சிரித்த சிரிப்பு கரைவரை கேட்டதாம். இறங்கியதும் சாயபுவிடம், "வித்தீங்கன்னா பாருங்க" என்று ஒரே வார்த்தை. இனி வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான்தான் டிரைவர். எல்லாரும் போன பிறகு, ஜாக்கெட்டைக் கழற்றாமல் நானும் ஏரியில் இறங்கி மல்லாந்து மிதந்தேன். காதுக்குள் தண்ணீர் வந்தது. அழுதேன், பிறகு சிரித்தேன். மாமா கரையில் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: சரிப்படும், சில கண்டிப்புகளோடு. நாலு பேருக்குமேல் ஏற்றாதே, பாரம் ஏறினால் இழுக்காது. பின்னால் சுழலும் இறக்கை இல்லாததால் பிள்ளைகளுக்கு அந்த வெட்டுப் பயம் கிடையாது. ஆனால் அடியில் உறிஞ்சும் வாய் தலைமயிரையும் கயிற்றையும் விடாது, யாராவது ஏறும்போது எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். துடுப்பு இல்லாமல் கிளம்பாதே. பெட்ரோல் தண்ணீராய்க் குடிக்கும். நீ எழுதிய அந்த உப்பங்கழிக்குள்ளேயே ஓட்டு, திறந்த கடலுக்கு ஒரே எஞ்சினை நம்பிப் போகாதே. சுழற்றி வேடிக்கை காட்டாதே. ஓட்டுவதை கிரேஸிக்கும் கற்றுக்கொடு, அவள் பயந்தவள் என்று நீயே முடிவு செய்துவிடாதே.

வேதப்புத்தகத்தின்மேல் உன் கையை வைத்தது நான். எடுக்கச் சொல்லுவதும் நானே. படகு வாங்குமுன் இன்னொன்று செய், தம்பி, அக்கா உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்: நீச்சல் கற்றுக்கொள். முப்பது வயதுக்குமேல் ஆனால் என்ன, பிள்ளைகளோடு சேர்ந்தே கற்றுக்கொள். கரையிலும் தண்ணீரிலும் கர்த்தர் உங்கள் நால்வரையும் தாங்குவாராக.

உன் அக்கா,
ரோஸ்