கடலுக்கு ஈடு

டெவன், இங்கிலாந்து
4 ஜூன் 1933

சேசு மரி சூசை துணை.

என் அன்பு அத்தானுக்கு அற்புதமேரி எழுதுவது. நான் சுகம். நீங்களும் நம் மகள் அருளாயியும் சுகமாய் இருக்கச் செபமாலை சொல்லாத நாளில்லை.

துரைசானியின் பிள்ளைகளுக்கு லீவு. ஆயா நான் இல்லாமல் அவர்கள் எங்கும் நகர்வதில்லை. ஒரு பழைய கோட்டைக்குப் போனோம். கூரையே இல்லை, அதைப் பார்க்க அம்புட்டுக் கூட்டம். பிறகு ஆட்டுச் சந்தை. அங்கே ஆட்டைவிட என் சேலையைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். கடற்கரையில் பிள்ளைகளைக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடுகிறார்கள்! நம் ஊரில் தப்புச் செய்தவனுக்குக் கொடுக்கிற தண்டனை இங்கே கொண்டாட்டம். அருளாயியிடம் சொல்லுங்கள், சிரிப்பாள்.

புறப்பட்ட அன்று அவளை நிறுத்தி அளந்து முடிச்சுப் போட்ட நூல் என் பெட்டியில் இருக்கிறது. அவள் முதன்முதலாய் நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளுக்குள் வந்துவிடுவேன்.

உங்கள் மேரி

கோச்சடை, மதுரை
2 ஜூலை 1933

அன்பு மேரிக்கு,

உன் மகள் சிரிக்கவில்லை, சண்டைக்கு வந்தாள். "வெள்ளைக்காரப் பிள்ளைகள மட்டும் அம்மா கூட்டிட்டுப் போகுதா? அதுக்கு ஈடா நீ என்னையக் கூட்டிட்டுப் போப்பா" என்கிறாள். கோட்டைக்கு ஈடாக நாயக்கர் மஹாலைக் காட்டினேன். "இதுக்குக் கூரை இருக்கு, நாமதான் ஜெயிச்சோம்" என்றாள். கழுதைக்கு என்ன செய்வது? சலவைக்காரர் சுருளியிடம் கேட்டு, அவர் கழுதையிலேயே ஏற்றிவிட்டேன். வாத்தியார் மகள் கழுதைமேல் வருகிறாள் என்று தெருவே கூடிவிட்டது. அவளுக்கு அது பெருமை.

இனி கடல் ஒன்றுதான் பாக்கியாம். அதைப் பற்றி நீ விவரமாய் எழுத வேண்டுமாம்.

உன் பழைய சேலையைப் போர்த்தாமல் தூங்குவதில்லை அவள். சீக்கிரம் வந்து சேர்.

ஜேசுராஜ்

டெவன்
30 ஜூலை 1933

அன்பு அத்தானுக்கு,

கடலைக் கேட்டாளே, எழுதுகிறேன். பிள்ளைகள் அலைக்குள் ஓடுவதும் அலை துரத்தினால் கத்திக்கொண்டு திரும்பி வருவதுமாய் ஒரே கூத்து. நான் கணுக்கால் வரை நின்றேன். குளிரில் உயிரே போனது. அருளாயி பக்கத்தில் இருந்தால் இன்னும் உள்ளே போயிருப்பேன்.

கோபப்படாதீர்கள். துரைசானி பிள்ளை உண்டாகியிருக்கிறாள். பிரசவம்வரை இருக்கச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சரி என்று சொல்லிவிட்டேன். புதுநன்மைக்கு நான் இருக்க மாட்டேன்.

வெள்ளை உடுப்பு என் கையால் தைத்து அனுப்பியிருக்கிறேன். இந்நேரம் வளர்ந்திருப்பாள். அதனால் நூல் அளவுக்குமேல் நாலு விரற்கடை உள்மடிப்பு விட்டிருக்கிறேன். சிறுத்துப்போனால் அவிழ்த்துவிடுங்கள்.

கடலுக்கு எதை ஈடாய்க் காட்டப்போகிறீர்கள், வாத்தியாரே?

உங்கள் மேரி

கோச்சடை
17 செப்டம்பர் 1933

மேரி,

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். நீ வரவில்லை என்றதும் உன் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, "அப்ப நாம கடலுக்குப் போவோம்ப்பா" என்றாள்.

வைகையில் புதுத்தண்ணீர் வந்திருந்தது. கடலுக்கு ஈடாக அதில் அவளை இறக்கினேன். "புதுத்தண்ணி பிள்ளைக்கு ஆகாது சார்" என்று கரையில் நின்றவர்கள் சொல்லத்தான் செய்தார்கள். அவள் துள்ளிய துள்ளலில் எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அலை வேண்டும் என்றாள். இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளித் தள்ளி அலை எழுப்பினேன். "அம்மாவோட கடலவிட இது பெருசு" என்றாள்.

மறுநாள் காய்ச்சல் கண்டது. டாக்டர் வந்தார், மருந்து கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து, படுக்கையிலேயே அவளுக்குப் புதுநன்மை கொடுத்தார். செவ்வாய்க்கிழமை நம் பிள்ளையைச் சர்வேசுரன் எடுத்துக்கொண்டார்.

புதுநன்மைக்கு நீ தைத்த உடுப்பைத்தான் போட்டோம். அதோடேயே கல்லறைக்கும் போனாள். மடிப்பை அவிழ்க்கத் தேவைப்படவில்லை.

உன்னைக் குறை சொல்லக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. என்னையும் சொல்கிறேன், உன்னையும் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளை பிறக்கும்வரை இருந்துகொள். அதற்குப் பிறகும் இருந்துகொள். எங்கே போனாய், எதைப் பார்த்தாய் என்று மட்டும் எழுதாதே. ஈடு கேட்க இங்கே ஆள் இல்லை.

ஜேசுராஜ்