பின்தொடர்ந்தவரின் பயம்

ஆகஸ்ட் 5

நீதிபதியம்மா மன்னிக்க வேண்டும். வழக்கைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது என்றார். எழுதுவது பேச்சில் சேருமா, தெரியவில்லை. உள்ளேயே வைத்திருக்க என்னால் முடியாது.

தீர்ப்புச் சொல்லும் ஜூரியில் என்னையும் எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு பேரில் கறுப்பினத்தவள் நான் ஒருத்திதான். அம்மாவுக்கு ஒரே பெருமை. "நம்ம வீட்ல காலேஜ் முடிச்ச மொத ஆளு நீதான். அங்கயாவது வாயத் தொறடி."

ஆகஸ்ட் 7

சுட்ட ஹெய்ல் இன்று கூண்டில் ஏறினார். செத்துப்போன கறுப்பினப் பையன் ஜெரேலுக்குப் பத்தொன்பது வயது. மழையில் சித்தி வீட்டுக்கு நடந்து போயிருக்கிறான். "எங்க தெருப் பையன் மாதிரித் தெரியல" என்று ஹெய்ல் வண்டியில் பின்னாலேயே போயிருக்கிறார். இடுப்பில் துப்பாக்கி தெரிய இறங்கி மறித்திருக்கிறார். பையன் ஓடினான். மறுபடி மறித்ததும் அடித்தான். ஹெய்ல் சுட்டுவிட்டார்.

"உயிருக்குப் பயந்துட்டேங்க" என்று அழுதார். நடிப்பு இல்லை. நிஜமாகவே பயந்திருக்கிறார். அப்படியென்றால்?

ஆகஸ்ட் 8

கடையில் ரொட்டி வாங்கினேன். திருடிவிட்டேன் என்று யாரும் நினைத்துவிடாதபடி, வண்டி வரைக்கும் ரசீதைக் கையில் தெரியும்படி பிடித்துக்கொண்டே வந்தேன். எப்போதும் செய்வதுதான். இன்று கை கூசியது.

ஆகஸ்ட் 12

ஜூரி அறையில் வாக்கு எடுத்தோம்; பன்னிரண்டு பேரும் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. விடுதலைக்குப் பதினொரு பேர். நான் மட்டும் — தெரியாது.

ஜூரியில் ஒருவரான ரே கத்தினார்: "இருட்டுல தலைய மூடிக்கிட்டு ஒருத்தன் போனா யாருக்குமே சந்தேகம் வராதா?"

"மழை பெஞ்சுதே," என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"இதுல நிறத்த இழுக்காதம்மா!"

நான் எங்கே இழுத்தேன்?

ஜூரியில் இன்னொருவரான மிஸ் ஜோலீன், தான் சுட்டு வந்த பீச் பழக் கேக்கை என் பக்கம் தள்ளினார். "உன் வருத்தம் புரியுது கண்ணு. ஆனா அவரு அடி வாங்கினாரு, பயந்தாரு. சட்டம் அவ்ளோதான் கேக்குது."

என் வருத்தமா? ஜெரேல் யாரென்றே எனக்குத் தெரியாதே!

"நாளைக்கு மீன் பிடிக்கப் போகணும், தாயே. எங்கள விட்ரு," என்றார் ரே. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சீ, ஏன் சிரித்தேன்?

ஆகஸ்ட் 13

இன்றும் தீர்ப்பு முடிவாகவில்லை. விடுதலைக்கு இப்போது ஏழு பேர்தான். மிஸ் ஜோலீன் என் பக்கத்து நாற்காலிக்கு மாறிவிட்டார். கேக்கை யாரும் தொடவில்லை.

நான் ஒன்றும் பெரிதாகப் பேசிவிடவில்லை. காலையிலிருந்து கேட்க நினைத்தது, ஜூரித் தலைவர் "அப்ப முடிச்சுக்கலாமா?" என்று எழுந்தபோது வந்துவிட்டது. மேசையைப் பார்த்தபடியேதான் கேட்டேன்:

"சார், அந்தத் தற்காப்புச் சட்டத்த நீதிபதியம்மாவ இன்னொரு தடவ படிக்கச் சொல்லுங்க. இதுவரைக்கும் ஹெய்லுக்காகவே கேட்டோம். துப்பாக்கியோட ஒருத்தர் பின்னாலயே வந்தப்போ ஜெரேலும்தான பயந்திருப்பான்? இந்தத் தடவ அவனுக்காகக் கேக்கலாம். தயவுசெஞ்சு."