கீழ்த்துண்டு தலைகீழ்

என் அன்பு மைனிக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் நெல் உண்டா? இருந்தால் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டீர்கள், நாற்றை எண்ணிக்கொண்டுதான் இருப்பீர்கள்.

நம் ஆய்வகத்தில் அதுதானே உங்கள் வேலை. நெற்செடியின் உயரமும் இலை நிறமும் அடுத்த தலைமுறைக்கு எத்தனை முறை சேர்ந்து போகின்றன, எத்தனை முறை பிரிகின்றன என்று எண்ணியே மரபணுக்களை வரிசைப்படுத்தி வரைபடம் போட்டீர்கள். நான் அந்த மரபணுக்கள் இருக்கும் குரோமோசோமை நுண்ணோக்கியில் படமெடுத்து, மரபணு இருக்கும் இடங்களில் ஒளிரும் புள்ளிகளை வைத்து இன்னொரு வரைபடம் போட்டேன். இரண்டிலும் தூரம் வேறுபடலாம், வரிசை வேறுபடக் கூடாது. நமக்கோ கடைசி மூன்று மரபணுக்கள் வரிசை மாறி வந்து தொலைந்தன.

வளைந்து கிடந்த குரோமோசோமை நேராக்க, படத்தை இரண்டாக வெட்டி அட்டையில் ஒட்டியிருந்தேன். நீங்கள் பக்கத்தில் வந்து, “எட்டி, கீழத் துண்ட தலகீழா ஒட்டியிருக்கியோண்ணு ஒருக்கா பாரு” என்றீர்கள். எனக்கு வந்ததே கோபம். உங்கள் வரைபடத்தின் குறுக்கே சிவப்பு மையால் ‘எண்ணிக்கைப் பிழை’ என்று எழுதி, அட்டையைச் சுவரிலும் மாட்டினேன்.

அப்புறம் மூன்று மாதம் பேச்சில்லை. அடுத்த மேசையில் இருக்கும் உங்களிடம் கத்தரிக்கோல் கேட்க, பாறசாலைக் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணனை ஃபோனில் கூப்பிடுவேன். அவர் உங்களைக் கூப்பிட்டுச் சொல்வார். கத்தரிக்கோல் வந்துவிடும். ஆரியங்கோட்டுக் கல்யாணத்தில் நீங்களாகத்தான் வந்து பேசினீர்கள். அட்டையைப் பற்றி மட்டும் கடைசிவரை இருவரும் வாய் திறக்கவில்லை.

போன வாரம், அந்தக் குரோமோசோமின் டி.என்.ஏ.வை இயந்திரம் எழுத்தெழுத்தாக வாசித்த முடிவு வந்தது. அப்படியே உங்கள் வரிசை. முதலில் இயந்திரத்தைத் திட்டினேன். பிறகு பழைய படச்சுருளை எடுத்துப் பார்த்தேன். கீழ்த்துண்டு தலைகீழ்தான், மைனி. உங்களிடம் சொல்ல நீங்கள் இல்லையே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அண்ணனிடம் சொன்னபோது டீயை ஆற்றுவதை நிறுத்தினார். “அவளுக்கு உன்மேல கோவமே இல்ல மக்கா. ஒருநாள் நீயே அந்த அட்டையக் கழத்துவேண்ணு சொல்லிட்டே இருந்தாளாக்கும்.”

திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் கழற்றுவேன். துண்டை நேராக ஒட்டி, அந்தச் சிவப்பு எழுத்தை என் கையாலேயே அடிப்பேன். அட்டையில் உங்கள் பெயர் மேலே, என் பெயர் கீழே.

மன்னிப்பையும் அண்ணன் வழியாகச் சொல்லி அனுப்பலாமா என்றுதான் முதலில் தோன்றியது. பழக்க தோஷம். அவர் பாவம், எங்கே கூப்பிட்டுச் சொல்வார்? அதனால் நானே சொல்கிறேன். நீங்கள் எண்ணியது சரி.

இனி நடுவில் ஆள் வைக்காத
உங்கள் நாத்தனார்,
சுமதி