பதினேழு மணித்தியாலப் பயணம்

புளியங்கூடல்,
ஞாயிறு காலை.

ஏழு கடலையும் ஒரே தாவலில் தாண்டத் துணிந்த மருமகன் பிரதாபனுக்கு, கதிரையை விட்டு எழும்பவே ஏலாத மாமன் ஐயாத்துரை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உமது சுகம் நீர் போனை எடுத்தால்தான் தெரியும். நாலு நாளாக எடுக்காதபடியால் கையால் எழுதுகிறேன். என் மகள் தாரிகா படம் பிடித்து அனுப்புவாள்.

ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம் பதின்மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர், பறப்பு நேரம் பதினேழு மணித்தியாலம் என்று இணையத்தில் பார்த்தீராம். "செவ்வாய் இரவு பத்துக்கு ஏறினால் புதன் பின்னேரம் மூண்டுக்கு வீட்டிலை நிற்பன்" என்று அம்மாவுக்குச் சொன்னீராம். உம்மைப் பெற்ற என் அக்காவும் புதன் பின்னேரம் உமக்குப் பிட்டு அவிக்க மா வறுக்கிறா.

ராசா, அது உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்த தூரம். அந்த நூலில் எந்த விமானமும் ஓடுவதில்லை. ரொறன்ரோவில் ஏறி நேரே எங்கள் பலாலி விமான நிலையத்தில் இறங்க இராவணனின் புட்பக விமானத்தைத்தான் வாடகைக்குப் பிடிக்க வேண்டும். இடையில் ஓரிடத்தில் இறங்கி மாற வேண்டும். எங்கள் மணிக்கூடு உங்களுடையதைவிட ஒன்பதரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடுகிறது. அதைக் கூட்டிக் கழித்ததில் என் தலைமயிர் கொட்டி, முளைத்து, மறுபடியும் நரைத்துவிட்டது.

நீர் அனுப்பிய டிக்கெட்டிலேயே கொழும்புக் கட்டுநாயக்கா, வியாழன் காலை ஆறரை என்று இருக்கிறது. உம்முடைய தங்கச்சி நிருஜாவுக்குக் கலியாண முகூர்த்தம் அன்று காலை ஒன்பது பத்துக்கு. அங்கிருந்து இங்கே றோட்டால், வான் வண்டியில் ஒன்பது மணித்தியாலம். நீர் வந்திறங்கும்போது பந்தல்காரன் தகரம் கழற்றிக்கொண்டிருப்பான்.

கனடாவில் லொறிகளுக்கு நேரம் போட்டுக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற உமக்கு இந்தக் கணக்குப் பிழைக்காது. வேண்டுமென்றேதான் பிந்துகிறீர் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். தெரியாத மாதிரித்தான் மா வறுக்கிறா.

மாப்பிள்ளை வாசலுக்கு வந்தால் பொம்பிளையின் சகோதரன்தான் கால் கழுவி உள்ளே அழைக்க வேண்டும். "ஊர்காவற்றுறை வள்ளத்திலை கயிறு இழுக்கிறவன்ரை காலை நான் கழுவுறதோ?" என்று போன மாதம் நீர் போனில் கத்தினீர். சத்தம் கூட்டிவைத்த போன் அது. நிருஜா பக்கத்தில்தான் நின்றாள்.

அவள் அழவில்லை. "அண்ணா வராட்டி ஒருத்தரும் கழுவத் தேவையில்லை" என்றாள். அக்கா உமக்குப் பதிலாக என்னை நிற்கச் சொன்னா. நான் குனிந்தால் முழங்கால் முறிகிற சத்தம் காரைநகர் வரை கேட்கும் என்று சொல்லித் தப்பினேன். உண்மையில் அது உம்முடைய இடம், மருமகன்.

நேற்று மாப்பிள்ளை கீர்த்திகன் வந்தான். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. "மாமா, அண்ணை என்ரை காலைக் கழுவ வேண்டாம். நானே பைப்பிலை கழுவிப்போட்டு வாறன். அவர் வாசல்லை நிண்டாலே காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்றான்.

டிக்கெட்டை மாற்றும். வருகிற ஞாயிறு இரவே, கலியாணத்துக்கு நாலு நாள் முன்னம், ஏறினால் செவ்வாய் காலை கட்டுநாயக்கா. இருட்டுவதற்குள் வீடு. கழுவுவதா விடுவதா என்பதை வாசலில் நின்று யோசிக்கலாம்.

இந்தக் கடிதம் நிருஜாவுக்குத் தெரியாது. இன்று விடிய வந்து, "பிளேன் சிலநேரம் சொன்னதுக்கு முந்தியும் வருமோ மாமா?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். பிறந்த நாள் தொட்டுப் பொய் சொல்கிறவன் நான். இந்த ஒன்றை மட்டும் மெய்யாக்கிவிடும்.

நயினைக் கோயில் அம்மாள் உம்மைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

மாமன்,
ஐயாத்துரை