யாரும் அமுக்காத பொத்தான்

3 மார்ச் 2025, திங்கள்

இந்த நோட்டு என் மகள் தினேஸ்வரி கொடுத்தது. மெஷினோடு நான் மல்லுக்கட்டுகிற நாளெல்லாம் இதில் எழுத வேண்டுமாம். அவள் படிப்புக்குத் தேவையாம். மே மாதம் திரும்ப வாங்கிக்கொள்வாளாம்.

"யூனிவர்சிட்டில அப்படி என்னதான்டி படிக்கிற?"

"மனுசனும் கம்ப்யூட்டரும் எப்படிப் பழகுறாங்கன்னு படிக்கிறோம்மா."

"அதுக்கு மூணு வருசமா? நானும் உங்கப்பாவும் மூணே நாள்ல பழகிட்டோம்லா."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டே சிரித்தாள். இந்தப் பாப்பா ஆறாம் வகுப்போடு நின்றவள். சுங்கை சிப்புட் பள்ளிக்கூடக் கெண்டீனில் மீ நூடுல்ஸ் பிரட்டுகிற கை இது. எழுத்து கோழி கிளறின மாதிரித்தான் இருக்கும். இருக்கட்டும்.

இன்றைய சண்டை: பேங்க் மெஷின் என் கார்டை விழுங்கிவிட்டது. காலையில் சாப்பிடவில்லை போல.

9 மார்ச்

கைப்பேசி என்னைப் பார்த்து, நீ ரோபோவா என்று கேட்கிறது. நாலரைக்கு எழுந்து முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா? ஆமாம் என்று போட இடமே இல்லை.

15 மார்ச், சனி

இன்று எங்கள் தோட்டத்து லய வீட்டு வரிசையில் தினேஸின் சோதனை. கடைசி வருடத் திட்டம். இது தேறினால்தான் பட்டம்.

கிளினிக்குக்காக ஒரு திரை செய்திருக்கிறாள். நம் ஆட்கள் தமிழிலேயே நோயைச் சொல்லி நம்பர் எடுக்கலாம். லயத்துக்காரர்கள் பன்னிரண்டு பேர் கோயில் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்தோம். "நான் பக்கத்துல இருந்தா என்னைக் கேப்பீங்க" என்று அவள் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாள். டேப்லட்டை ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுக்கிற பெரிய உத்தியோகம் எனக்கு. முதல் ஆளும் நான்தான். பெயர் போட்டு, முட்டிவலியைச் சொல்லி, நம்பர் எடுத்துவிட்டேன்.

கடைசியில் கீழே ஒரு சிவப்புப் பொத்தான். ரோசரி அக்கா எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டினார். "வெ... ளி... யே... று. என்ன பாப்பா, இது நம்மள வீட்ட விட்டுப் போகச் சொல்லி கம்பெனிக்காரன் முச்சந்தியில நட்ட பலகையில இருக்கிறதுல்ல?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஐயோ, அமுக்கிராதீங்கக்கா! அமுக்குனா நேரா கம்பெனிக்குப் போயிரும். நாளைக்கே புல்டோசர் வாசல்ல நிக்கும்."

கொட்டகையே சிரித்தது. யாரும் அமுக்காமலே டேப்லட் கைமாறியது. ஐயாவு அண்ணனுக்குப் பொய்ப்பல் கழன்றுவிட்டது. நல்ல நாள்.

19 மார்ச், புதன்

தினேஸ் போன் செய்தாள். பன்னிரண்டு பேர் சொன்னதும் என் பெயரிலேயே விழுந்திருக்கிறதாம். ஆளுக்கொரு பக்கம் திறக்கவே இல்லையாம். முட்டிவலி, இனிப்புநீர் வியாதி, இளைப்பு, ஐயாவு அண்ணனுடைய மூத்திரக் கோளாறு, எல்லாம் எனக்கு.

"அப்ப நான் இன்னும் உசுரோட இருக்கிறதே பெருசுலா" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். பிறகுதான் தெரிந்தது, அழுகிறாள்.

"முடிச்சதும் அந்தப் பொத்தான் அவங்க பக்கத்த மூடணும்மா. மூடல. நான் எழுதின புரோகிராம்லதான் எங்கயோ தப்பு."

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன். அடுப்பில் மீ தீய்ந்துவிட்டது.

20 மார்ச்

புரோகிராம் இல்லை. நான்.

1 ஏப்ரல், செவ்வாய்

நோன்புப் பெருநாள் லீவுக்கு வந்திருக்கிறாள். வந்ததிலிருந்து கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு பக்கத்தில் காய்கிறது. ஒவ்வொரு வரியாகப் படித்துத் தப்பைத் தேடுகிறாள். இல்லாத தப்பு எப்படிக் கிடைக்கும்? விரிவுரையாளர் முப்பதாம் தேதிவரை தவணை கொடுத்திருக்கிறார். காரணம் என்ன என்று கண்டுபிடித்து எழுதினால் மறுபடி சோதிக்கலாம். இல்லையென்றால் திட்டம் தள்ளுபடி.

"யாராச்சும் அமுக்காம விட்டாங்களாம்மா? நீ பாத்தியா?"

என்னைத்தான் கேட்டாள். நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எல்லாரும் அமுக்குன மாதிரிதான் இருந்துச்சு."

சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

6 ஏப்ரல்

ஏன் சொல்ல முடியவில்லை? கெண்டீனில், கோயிலில், சாவு வீட்டில்கூட என்னைப் பார்த்தால் ஜனங்கள் சிரிக்கும். எனக்கு இருப்பது அது ஒன்றுதான். அதுவே என் பிள்ளையின் தலையில் விழுந்தது என்று எப்படி— இல்லை. இதெல்லாம் சாக்கு. பயம். அவ்வளவுதான்.

12 ஏப்ரல், சனி

ஐயாவு அண்ணனிடம் சொல்லிவிட்டேன். வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என் பேச்சக் கேட்டுத்தானே எல்லாரும் அமுக்காம விட்டீங்க?"

"நீ பெரிய மந்திரி, ஒன் பேச்சக் கேட்டாங்க" என்றார். பிறகு துணியைக் கீழே வைத்தார். "நீ சொல்லாட்டியும் நான் அமுக்கியிருக்க மாட்டேன் பாப்பா. அந்த வார்த்தயத்தான் கம்பெனிக்காரன் என் வாசல்ல ஒட்டிட்டுப் போனான். ஆறு வருசமா அதுக்கு எதிரா கோர்ட்டுக்கு நடக்கிறேன். இப்ப என் வெரலாலயே அமுக்கச் சொல்றியா?"

வரும் வழியில் முச்சந்தியில் நின்றேன். தோட்டத்தை வாங்கின கம்பெனி நட்ட தகரப் பலகை. மேலே மலாய், கீழே தமிழ், சிவப்பு எழுத்து: உடனே வெளியேறு. மற்ற குடும்பங்கள் போய்விட்டன. நாங்கள் பதினொரு வீடுதான் பாக்கி. தினமும் பார்க்கிற பலகை. சிரித்தோமே அன்றைக்கு— அதெல்லாம் சிரிப்புத்தானா?

தினேஸுக்கு வேண்டிய காரணம் இதுதானே. இதைச் சொன்னால் போதுமே. நாளை சொல்கிறேன்.

13 ஏப்ரல்

சொல்லவில்லை.

22 ஏப்ரல்

போனை எடுத்தேன். "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

30 ஏப்ரல், புதன்

இன்று தேதி முடிந்தது.

4 மே, ஞாயிறு

மூட்டையோடு வந்து இறங்கினாள். "எனக்கு இந்தப் படிப்பு வரலம்மா. எங்க தப்புன்னே தெரியல. அப்ப தப்பு நான்தானே." கமுந்திங் கையுறை ஃபேக்டரியில் ஆள் எடுக்கிறார்களாம். நாளைக்கே சேரப் போகிறாளாம்.

நான் ஏதோ வேடிக்கை பேசப் பார்த்தேன். வாய் வரவில்லை. ஐம்பது வயதில் முதல் தடவை.

5 மே

ஃபேக்டரி பஸ் ஆறு மணிக்கு வந்தது. படியிறங்கும்போது "போறேன்" என்றாள். போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. சின்னப் பிள்ளையில் கடைக்குப் போனாலும் வாரேம்மா, வாரேம்மா என்று மூன்று தடவை சொல்கிறவள்.

இவள் வெளியேறுவதற்கு நான்தானே பொத்தானை அமுக்கினேன்.

11 மே, ஞாயிறு

"அந்த நோட்டு கெடச்சா தூக்கிப் போட்டுரும்மா, இனி வேணாம்" என்றாள். கமுந்திங் ஹாஸ்டலுக்குத் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் பக்கங்களைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். கிழித்தால் தையல் விட்டு மார்ச்சும் கையோடு வரும். அந்தச் சிரிப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. கிழிக்கவில்லை. நோட்டை அவள் பையில் துணிக்கு அடியில் வைக்கப்போகிறேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லாதவள் வேறு என்ன செய்வாள்.

15 ஜூன், ஞாயிறு

நோட்டு திரும்பி வந்திருக்கிறது. ஐந்து வாரம் போன் இல்லை, ஆள் இல்லை. நேற்று ரோசரி அக்கா மகன் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

ஐயாவு அண்ணன் சொன்னதுக்குக் கீழே பென்சிலால் கோடு இழுத்திருக்கிறாள். இரண்டு கோடு. ஏப்ரல் முப்பதாம் தேதிக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஒரு வரி:

ஏன்மா அப்பவே சொல்லல?

பதில் எழுதிப் பார்த்தேன். நாலு தடவை அடித்துவிட்டேன்.

20 ஜூலை

விரிவுரையாளரைப் பார்த்தாளாம். ரோசரி அக்கா சொல்லித்தான் தெரியும். இந்த வருடம் போனது போனதுதான். கடைசிப் பருவத்தை அக்டோபரில் முதலிலிருந்து படிக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் அங்கி போட்டுப் படம் எடுக்கும்போது இவள் கமுந்திங்கில் கையுறைக்குள் காற்றடித்து ஓட்டை பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்து நிமிட வேடிக்கைக்கு.

29 ஆகஸ்டு

கெண்டீனில் ஒரு டீச்சர் கேட்டார், "என்ன பாப்பா, ரொம்ப அமைதியாயிட்டிங்க?" மீ தீர்ந்துவிட்டது என்றேன்.

5 அக்டோபர் 2025, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். அவள் வரச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஈப்போ போய் அங்கே பஸ் மாற வேண்டும். ஃபேக்டரியில் நின்று நின்று கால் வீங்கியிருக்கிறது. அப்பா வயதுக்கு நடக்கிறாள்.

பஸ் வந்ததும் பையிலிருந்து பழைய டேப்லட்டை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"மாத்தியிருக்கேன். பாத்துச் சொல்லு. ஜோக் அடிக்காம."

"சரி."

"அந்த நோட்டுல எழுது."

அவ்வளவுதான். ஏறிவிட்டாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள், கை காட்டவில்லை.

பெயர் போட்டேன். முட்டிவலி. நம்பர் வந்தது, ஒன்று. கீழே சிவப்பு இல்லை, பச்சைப் பொத்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

போயிட்டு வாரேன்.

பஸ் சாலையில் திரும்பி மறைகிறவரை விரலைத் தூக்கியே வைத்திருந்தேன். அப்புறம்தான் அமுக்கினேன். திரை வெள்ளையாகி, உங்கள் பெயர் என்ன என்று கேட்டது.