உன் அம்மாவைப் பற்றி ஒரு பக்கம்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு, அப்பா எழுதுவது. நான் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அம்மா போய் ஆறு வாரம் ஆகிவிட்டது. வீடு அப்படியேதான் இருக்கிறது, சத்தம்தான் இல்லை. சமையல் நானேதான், பயப்படாதே, இதுவரை இரண்டு பாத்திரம்தான் கரிந்தது. மாடி வீட்டு நர்ஸ் நேற்று வந்து, ஐயா, டீச்சர் போனதுல இருந்து ரெண்டு தடவை டூட்டிக்கு லேட்டாயிட்டேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவின் ஐந்து மணிப் பிரார்த்தனைதான் அந்தப் பெண்ணுக்கு அலாரமாம். கடவுளிடம் பேசும்போதும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல்தானே உன் அம்மாவுக்கு.

பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். அவளிடம் படித்து அங்கேயே ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனவள், ஆளாளுக்கு எழுதிக் கொடுத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். ஐயோ, படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு. சாந்த சொரூபியாம், எண்பத்து நாலு வருஷத்தில் ஒருவரையும் கடிந்து பேசியதில்லையாம்! இவர்கள் எந்த டீச்சரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. போன வருஷம் டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து, முப்பது மாத்திரைய ஒரு நாளைக்கு நாலுன்னு எட்டு நாளைக்கு எப்படிப் போடறது, பெருக்கிப் பாருங்க என்று அவரையே நிற்க வைத்தவள். முப்பத்தாறு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாய் சும்மா இருக்குமா? நான் லேத் பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்தால் பிரார்த்தனை அறைப் பக்கமே விடமாட்டாள். உங்களுக்கும் சேர்த்து நானே கேட்டுக்கறேன், போய்க் குளிங்க என்பாள். நானும் நல்லதாய்ப் போயிற்று என்று இருந்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த மலரில் முதல் பக்கம் உனக்கு என்றார்கள். நீ போனில், எனக்கு எழுத ஒண்ணும் இல்லப்பா, அவங்களுக்கு நான் பொண்ணா இருந்ததவிட ஸ்டூடண்டா இருந்ததுதான் அதிகம் என்று சொல்லி வைத்துவிட்டாய். எனக்குச் சுருக்கென்றது. ஏழாம் வகுப்பில் உன்னைப் போலவே இரண்டு மார்க் குறைந்த மூன்று பேருக்கு அந்த மார்க்கைப் போட்டுக் கொடுத்துப் பாஸாக்கிவிட்டு உன்னை மட்டும் ஃபெயிலாக்கினாளே, அது இன்னும் உன் நெஞ்சில் கிடக்கிறது என்று தெரியும். அவள் செய்தது தப்பு. மகளுக்குச் சலுகை என்று நாலு பேர் பேசிவிடுவார்களோ என்று பயந்து உன்னைப் பலி கொடுத்துவிட்டாள். நானும் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது என் தப்பு.

இப்போது ஒன்று சொல்கிறேன். சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள், இனி அவள் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றப் போவதில்லை. ரிசல்ட் ஒட்டிய மறுநாளிலிருந்து ஏழு நாள் உன் அம்மா பிரார்த்தனைக்கு உட்காரவில்லை. உன்னைப் பெற்ற அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட விடாதவள்! ஐந்து மணிக்குக் குளித்துவிட்டு வந்து அந்த அறை வாசலில் நிற்பாள், பிறகு திரும்பிவிடுவாள். ஏன் என்று கேட்டேன். உள்ள போனா மன்னிப்பு கேக்கணும், கேட்டா கடவுள் மன்னிச்சிடுவாரு, புள்ள மன்னிக்காம அவரு எப்படி மன்னிக்கலாம் என்றாள். அப்போ புள்ளைகிட்டயே கேளேன் என்றேன். அத்தனை பெரிய குரல்காரிக்கு அதற்கு மட்டும் வாய் வரவில்லை. எட்டாம் நாள் காலை நீ தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்தாய். வாசலில் நின்றவளைப் பார்த்து, இன்னும் என்னம்மா நிக்கிற, நேரமாச்சு வா என்று, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாய். உனக்கு ஞாபகம் இருக்காது. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் என்னிடம், அன்னிக்கு அவ கூட்டிட்டுப் போகலேன்னா நான் அந்த வாசல்லயே நின்னுருப்பேங்க என்றாள்.

எழுதினால் தப்பைத் தப்பு என்றே எழுது, மழுப்பினால் அவளுக்கே பிடிக்காது. பதினைந்தாம் தேதி அச்சுக்குப் போகிறது, மறந்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். எழுத மனம் வராவிட்டாலும் எனக்குக் கோபமில்லை. முதல் பக்கத்தை வெறுமையாகவே விடச் சொல்லியிருக்கிறேன், அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா